பாட்டிலில் அடைத்த புழு ஏன் பட்டாம்பூச்சி ஆவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளிகளில் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிப் பாடம் வந்துவிட்டால் போதும். மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் பிள்ளைகள் எருக்கஞ்செடிகளைச் சுற்றி வரத் தொடங்கிவிடுவார்கள். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரிபோட்ட புழு ஒன்று எப்படியும் கிடைத்துவிடும். அதைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, இரண்டு இலையைத் திணித்து, மூடியில் நான்கு ஓட்டை குத்தி வகுப்புக்கு எடுத்துப் போவார்கள். மூன்றாம் நாள் புழு கறுத்துத் துவண்டு கிடக்கும். ‘காட்டில் இருப்பதை வீட்டில் வைத்தால் அப்படித்தான்’ என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல. வேர்த்துப்போன பாட்டில், பூச்சிமருந்து பட்ட இலை, அறையில் எரிந்த கொசுவத்தி, தொங்குவதற்கு இடமில்லாத மூடி ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

கடிதம் நீண்டுவிடும். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். எருக்கம்பால் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

புழுவைப் பிடித்துவிட்டு, ‘இது என்ன தின்னும்?’ என்று பிறகு கேட்பதில்தான் முதல் கோளாறு. ஒவ்வொரு வகைப் பட்டாம்பூச்சியும் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். அந்தச் செடியின் இலை கிடைக்காவிட்டால் புழு வேறு இலையைத் தின்னாது, பட்டினி கிடந்தே செத்துப்போகும். முட்டைக்கோஸும் முருங்கைக்கீரையும் போட்டுப் பார்ப்பது வீண். அதனால் முதலில் செடியைத் தேடுங்கள். தினமும் மருந்தடிக்காத புத்திலை பறிக்கக்கூடிய தூரத்தில் ஒரு செடி இருந்தால்தான் புழுவை எடுக்க வேண்டும்; இல்லையென்றால் இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். செடியே இல்லாத சுவரிலோ மணலிலோ வேகமாக ஊர்ந்துபோகும் பெரிய புழு, தின்று முடித்துக் கூடாக மாற இடம் தேடுகிற புழுவாக இருக்கலாம். அதற்கு இலை தேவையில்லை. ஒரு குச்சியும் நிழலும் போதும்.

நம் பக்கம் எளிதில் கிடைப்பவை சில. எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன். இதன் கூட்டுப்புழு வெள்ளிமுலாம் பூசியதுபோல் பளபளக்கும், ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே அரளியிலும் நந்தியாவட்டையிலும் பருத்த பச்சைப்புழு ஒன்றும் இருக்கும். வாலில் கொம்பும் முன்பக்கம் நீலக் கண்போன்ற புள்ளியும் இருந்தால் அது அந்துப்பூச்சி இனம். அது இலையில் தொங்காது. கீழே இறங்கி மண்ணிலும் சருகிலும் கூடாக மாறும். பாத்திரத்தின் அடியில் நான்கைந்து சென்டிமீட்டர் ஈரப்பதமான மணலும் மேலே காய்ந்த சருகும் போடாவிட்டால் அலைந்து அலைந்தே ஓய்ந்துவிடும்.

எடுக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ரோமம் அடர்ந்த எதையும் தொட வேண்டாம். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்புழுவின் ரோமம் பட்டால் தோல் தடித்து அரிக்கும். ஆடுதின்னாப்பாளைக் கொடியில் இருக்கும், சிவந்த முகடுகள் கொண்ட கரும்புழு சிவப்புடல் அழகியாக இருக்கலாம். அது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இடம்பெற்ற இனம். ராமேஸ்வரம் தீவிலிருந்து கூட்டமாகக் கிளம்பி இலங்கைப் பக்கம் கடலைத் தாண்டிப் பறக்கும் பட்டாம்பூச்சி அதுதான். பார்த்து ரசிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பருப்புக்கீரையில் கிளைமுள்ளோடு இருக்கும் கரும்புழுவும் அதே பட்டியலில் இடம்பெற்ற ஓர் இனத்துடையதாக இருக்கலாம், அதையும் விட்டுவிடுங்கள். (இதன் பெண் பட்டாம்பூச்சி வெந்தய வரியனைப் போலவே வேடம் போட்டுப் பறவைகளை ஏமாற்றும் கில்லாடி.) மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஓர் இலைகூட எடுத்துவர முடியாது. சக்கரக்கோட்டை, காஞ்சிரங்குளம், சித்திரங்குடி பறவைகள் சரணாலயங்களுக்குள்ளும் கை வைக்கக் கூடாது. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைக் கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடித்தால், அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு வாசி, நம் கடற்கரைக்கு வராது என்று சொல்லிவிடலாம்.

எருக்கா கறிவேப்பிலையா என்றால், ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும்தான் சரி. செடி வீட்டிலேயே இருக்கும், இலையில் ஆபத்து இல்லை. எருக்கு பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

எருக்கம்பால் விஷம். இலையைக் கிள்ளினாலே வடியும் பால் விரலில் ஒட்டும். அந்த விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், பல சமயம் வலி அதிகம் இருக்காது. அதனால் ‘சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. கண்ணில் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம். இலையைப் பெரியவர்தான் வெட்ட வேண்டும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சமையலுக்குப் பயன்படும் கத்தி, கத்திரிக்கோல் கூடாது. அரளிக்கும் இதே கட்டுப்பாடுதான். அதன் இலை வாயில் படக் கூடாது.

இனி தேடும் விதம். ஐப்பசி மழை விழுந்து எருக்கு புதுத்தளிர் விட்ட பிறகு தை வரைக்கும் நல்ல காலம். சித்திரை வெயிலில் இலை முற்றித் தடித்துவிடும், புழுவும் குறைவு. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெந்தய வரியன் ஒரு நேரத்தில் ஒரு முட்டையாகத் தனித்தனியே ஒட்டிவைக்கும். ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய உயரம், வெளிறிய நிறம், மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள். இலையின் நடுவில் சிறு வட்டமாக ஓட்டையோ சுரண்டிய தடமோ இருந்தால் குட்டிப்புழு பக்கத்திலேயே இருக்கும். மஞ்சளாக மொய்த்துக் கிடப்பது அசுவினிப் பூச்சி, அது வேறு கதை. நீலமும் மஞ்சளுமாக வர்ணம் அடித்ததுபோல் உட்கார்ந்திருப்பது எருக்கு வெட்டுக்கிளி.

பெரிய புழுவாகப் பார்த்து எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று. முட்டையையோ குட்டிப்புழுவையோ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வெளியில் பல நாள் இருந்த பெரிய புழுவின் உடம்புக்குள் ஒட்டுண்ணி ஈயோ குளவியோ ஏற்கெனவே குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று அல்லது இரண்டு போதும். ஒரே செடியில் இருக்கும் எல்லாவற்றையும் வழித்து எடுக்காதீர்கள். புழுவை விரலால் பிடித்து இழுக்கக் கூடாது. அது இருக்கும் இலையோடு வெட்டி எடுத்துவர வேண்டும். இடம் மாற்ற வேண்டியிருந்தால் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷின் முனையில் ஏற்றிக்கொள்ளலாம்.

பாத்திரத்துக்கு, வாய் குறுகிய தண்ணீர் பாட்டில் ஆகவே ஆகாது. பெட்டிக்கடையில் முறுக்கும் மிட்டாயும் போட்டு வைக்கும் அகலவாய் பிளாஸ்டிக் ஜாடி, மூன்று லிட்டருக்குக் குறையாமல் ஒன்று வாங்குங்கள். மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வாயில் கொசுவலைத் துணியை இழுத்து விறைப்பாக ரப்பர் பேண்ட் போடுங்கள். மூடியில் குத்தும் நான்கு ஓட்டையால் காற்று வரும். ஆனால் ஈரம் வெளியே போகாது. இலையும் எச்சமும் விடும் ஈரம் சுவரில் வேர்த்து நின்று, பூஞ்சை பிடித்து, அதிலேதான் புழு நோய்ப்படுகிறது. நம் கடற்கரையின் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். அடியில் செய்தித்தாள் ஒரு மடிப்பு விரித்து, தினமும் காலையில் எச்சத்தோடு எடுத்து மாற்றுங்கள். மூன்று லிட்டர் ஜாடியில் இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். ஜாடியை வெயில் நேராகப் படும் ஜன்னலிலோ, தகரக் கூரைக்குக் கீழேயோ வைத்தால் அரை மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும். வடக்குப் பார்த்த நிழலான இடம், பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு: இது போதும்.

எறும்பு வராமல் இருக்க எறும்பு சாக்பீஸால் கோடு போடாதீர்கள். அது புழுவையும் கொல்லும். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஜாடியை வைத்தால் எறும்பு தாண்டாது. தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும், கவனம்.

இலை கொடுப்பதில்தான் பாதி வித்தை. வெட்டியதும் காம்பை ஒரு துணியில் வைத்துப் பால் வடிய விடுங்கள். பிறகு இலையின் இரு பக்கத்தையும் தண்ணீரில் கழுவித் துணியால் ஒற்றி நன்றாகத் துடையுங்கள். கரையோரச் செடியில் உப்பும் மணலும் படிந்திருக்கும், சாலையோரச் செடியில் புழுதி இருக்கும். இரண்டுமே புழுவுக்கு ஆகாது. ஈரத்தோடு உள்ளே போடக் கூடாது. புழுவுக்குத் தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், இலையில் இருக்கும் நீரே அதற்குப் போதும். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த புழுவுக்கு, வெட்டி அரைமணி நேரம் ஆன இளம் இலையைக் கொடுங்கள். பால் பொங்கும் புத்திலையில் அது கடித்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு சாகக்கூடும். செடியிலேயே விட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பொடிப்புழு செய்யும் வேலை தெரியும்: தலையை ஆட்டி ஆட்டி இலையின் அடியில் ஒரு வட்டம் கடித்துப் பால் ஓடும் வழியைத் துண்டித்துவிட்டு, பிறகு அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். இலையில் நாம் பார்த்த வட்ட ஓட்டையின் ரகசியம் அதுதான்.

இலை வாடாமல் இருக்கக் காம்பைத் தண்ணீரில் செருகி வைப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான்; ஆனால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும். சிறு மருந்துக்குப்பியில் தண்ணீர் ஊற்றி, மூடியில் காம்பு நுழையும் அளவு துளையிட்டு, இடைவெளியைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று புது இலை போட்டுவிடலாம். கடைசி நான்கைந்து நாளில்தான் அது மொத்தத் தீனியின் பெரும்பங்கைத் தின்னும். அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்து, ஒருநாள் இலை போட மறந்தால் உள்ளதும் போய்விடும். பழைய இலையைக் குப்பையில் போடுமுன் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குட்டி அதில் இருக்கலாம்.

இலை எங்கே பறிப்பது என்பதில் நம் மாவட்டத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் மிளகாய், பருத்தி வயல்களில் மருந்து தெளிப்பார்கள். காற்றில் அடித்துவரும் சாரல் வரப்பிலிருக்கும் எருக்கின்மேல் படியும். அந்த இலையைத் தின்ற புழு பச்சையாகக் கக்கும், உடம்பை முறுக்கும், துடிக்கும், ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். கழுவினாலும் எல்லாம் போகாது. வயலோர இலை வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலை விஷயத்திலும் கடையில் வாங்கியதைக் கொடுக்காதீர்கள். வீட்டுச் செடியாக இருந்தாலும் அண்மையில் மருந்தடித்திருந்தால் அதுவும் ஆகாது. புழு இருக்கும் அறையில் கொசுவத்தி, லிக்விட் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது. கொசுவைக் கொல்லும் மருந்துக்குப் பட்டாம்பூச்சிப் புழு வேறு, கொசு வேறு என்று தெரியாது. தெருவில் புகை மருந்து அடிக்க வரும்போது ஜாடியை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவை மூடுங்கள்.

புழு நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போலத் தின்பதை நிறுத்திவிட்டு அசையாமல் இருக்கும். பட்டுநூலால் கால்களை இலையோடு கட்டிக்கொண்டிருக்கும். செத்துவிட்டதோ என்று தட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் பிய்த்து எடுத்தால் பிடிமானம் போய்ப் பழைய தோலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இலை வாடியிருந்தாலும் பரவாயில்லை, புழு உட்கார்ந்திருக்கும் துண்டை மட்டும் கத்தரித்துப் புது இலையின்மேல் வைத்துவிடுங்கள். உரித்த தோலைத் தானே தின்றுவிடும், எடுத்து எறியாதீர்கள்.

நோய் என்றால் அடையாளம் தெளிவு: தின்பது நிற்கும், உடல் தளரும், கறுக்கும், தலைகீழாகத் துவண்டு தொங்கும், நாற்றமெடுத்த நீர் ஒழுகும். நெரிசலும் ஈரமும் பழைய எச்சமும் இருந்தால் இது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அதை அப்புறப்படுத்திப் புதைத்துவிட்டு, ஜாடியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முட்டை பொரிந்து பன்னிரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், நம் ஊர் வெப்பத்தில், வெந்தய வரியன் புழு மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் வரை வளர்ந்துவிடும். முதுகில் மூன்று ஜோடிக் கருங்கொம்புகள் இருக்கும். நீல வரியன் புழுவுக்கு இரண்டு ஜோடிதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இதை எண்ணிப் பாருங்கள். பிறகு ஒருநாள் தின்பதை விட்டுவிட்டு ஜாடி முழுக்க அலையும். தப்பிக்கப் பார்க்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது மேலே போய்த் துணியிலோ குச்சியிலோ பட்டுநூலால் ஒரு பொட்டு நெய்து, அதில் பின்கால்களை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, தலைப்பக்கத்தை ஆங்கில ‘J’ எழுத்தைப் போல மேலே வளைத்துக்கொள்ளும். வாயில் கட்டிய துணி விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். இந்தக் கட்டத்திலிருந்து துணியைத் திறந்து மூடக் கூடாது.

பார்க்க வேண்டிய காட்சி அடுத்த நாள் வரும், ஆனால் ஐந்து நிமிடம் அசந்தால் தவறிப்போகும். விறைத்து நின்ற கருங்கொம்புகள் சுருங்கித் துவண்டுவிட்டால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். வளைந்திருந்த உடல் சற்று நேராகும். தலைக்குப் பின்னால் தோல் வெடித்து, வரித்தோல் காலுறையைக் கழற்றுவதுபோல மேல்நோக்கிச் சுருண்டு ஏறும். உள்ளே ஈரமான மென்பச்சை உருவம் தெரியும். இப்போதுதான் ஆபத்தான வினாடி: பழைய தோல் முழுக்கக் கழன்றால் பிடி போய்விடும், கழலாவிட்டால் சிக்கிக்கொள்ளும். அது தன் வால்நுனியில் இருக்கும் கறுத்த காம்பை வெளியே எடுத்து, பட்டுப் பொட்டில் கொக்கிபோட்டு, உடம்பை முறுக்கி முறுக்கிப் பழைய தோலை உதறித் தள்ளும். பிறகு மெல்ல மெல்லச் சுருங்கி வடிவம் பிடிக்கும். இலையடியில் தொங்கினால் பெரும்பாலும் பச்சை நிறம், துணியிலோ பிளாஸ்டிக்கிலோ தொங்கினால் பல நேரம் வெளிறிய இளஞ்சிவப்பு. தங்கப் பொட்டுகள் இரண்டிலும் உண்டு. ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது, மேலே அவ்வளவு மெல்லிசான தோல்தான் இருக்கும். கொசுவலை பெரிய கண்ணாக இருந்தால் குட்டிக் குளவி உள்ளே நுழைந்து இந்த இளங்கூட்டில்தான் முட்டையிடும்.

கூட்டுப்புழு விழுந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு நாள் ஆறவிட்டு, வால்நுனியிலிருக்கும் கறுத்த காம்பில் தையல்நூலைச் சுருக்குப்போட்டு ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிடலாம். கீழேயும் பக்கங்களிலும் பத்து சென்டிமீட்டராவது காலியாக இருக்கட்டும்.

கறிவேப்பிலை, எலுமிச்சைப் புழுக்கள் தொங்குவதில்லை. சின்ன வயதில் பறவை எச்சம் போலிருக்கும் இவை கடைசிக் கட்டத்தில் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒன்றை நீட்டிப் புளித்த நாற்றம் விடும். பயப்பட ஒன்றுமில்லை. முற்றியதும் நீர்த்த எச்சம் ஒன்றைப் போடும். அப்போது விரல் கனத்தில் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்வாக நிறுத்துங்கள். தலை மேலாக நின்று, இடுப்பைச் சுற்றிப் பட்டுக்கயிறு ஒன்றால் தன்னைக் குச்சியோடு கட்டிக்கொள்ளும். வழுக்கும் பிளாஸ்டிக் சுவர் மட்டும் இருந்தால் அந்தக் கயிறு நிற்காது.

ஏழிலிருந்து பத்து நாளில் வெந்தய வரியன் கூடு கறுக்கும். அழுகிவிட்டது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். தோல் கண்ணாடிபோல் ஆகி உள்ளே ஆரஞ்சுச் சிறகும் வெள்ளைப் பொட்டும் தெரிந்தால் மறுநாள் காலையில் வெளியே வரும். நிறமே தெரியாமல் ஒரே பழுப்பாக, தொட்டால் குழைவாக இருந்தால்தான் செத்தது. வெளியே வந்ததும் சிறகு கசங்கிச் சின்னதாக இருக்கும். கூட்டுத் தோலைப் பற்றித் தொங்கியபடி உடம்பிலிருந்து நீரைச் சிறகு நரம்புக்குள் செலுத்தி விரிக்கும். அந்த நேரத்தில் விழுந்தால் உடனே ஒரு குச்சியில் ஏற்றித் தொங்கவிட வேண்டும். தரையில் கிடந்தால் ஒரு மணி நேரத்தில் சிறகு கோணலாகவே இறுகிவிடும், பிறகு சரிசெய்ய வழியே இல்லை. கூட்டிலிருந்து வெளிவர உதவுகிறேன் என்று பிய்த்துவிடுவதும் அதே கதிதான். சொட்டும் செம்பழுப்பு நீர் ரத்தம் அல்ல, கூட்டுக்குள் தேங்கிய கழிவு. உறிஞ்சுகுழல் முதலில் இரண்டு நூலாகப் பிரிந்திருக்கும். சுருட்டியும் நீட்டியும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வேடிக்கையைக் கவனியுங்கள். பின்சிறகில் நடுவே வெள்ளை வைத்த பெரிய கரும்பொட்டு கூடுதலாக இருந்தால் ஆண்.

நான்கு மணி நேரம் காயவிட்டு அன்றைக்கே விட்டுவிடலாம், புழுவை எடுத்த அதே செடிப் பக்கம். காலை பத்திலிருந்து மாலை மூன்று மணிக்குள் நல்லது. கச்சான் காற்று அடித்து வீசும் ஆனி, ஆடியில் திறந்த கரையில் விடாதீர்கள், வேலி மறைவில் விடுங்கள். மழை விடாமல் பெய்தால் ஒரு நாள் வைத்திருக்கலாம்: பத்து ஸ்பூன் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, பஞ்சில் நனைத்து வையுங்கள். பக்கத்தில் தேள்கொடுக்குச் செடியோ கிலுகிலுப்பைச் செடியோ இருந்தால் ஆண் பட்டாம்பூச்சிகள் தேடி வந்து மொய்க்கும். அவற்றிலிருந்து உறிஞ்சும் வேதிப்பொருள் பெண்ணைக் கவரும் மணத்துக்கு அவற்றுக்குத் தேவை. பிறந்தநாள் விழாவில் பறக்கவிட என்று டஜன் கணக்கில் வளர்க்கும் ஆசை யாருக்காவது வந்தால், அது வேண்டவே வேண்டாம்.

பட்டாம்பூச்சிக்குப் பதில் வேறு ஏதாவது வெளியே வந்தாலும் வரும். தொங்கிய புழு கூடாகாமலே தளர்ந்து, அதிலிருந்து நூல்போன்ற இழையில் வெள்ளைப்புழு இறங்கி, அரிசி அளவில் செம்பழுப்புக் கூடாக மாறினால் அது ஒட்டுண்ணி ஈ. கூட்டில் பொட்டுத் துளை விழுந்து பொடிக் குளவிகள் கிளம்பினால் அதுவும் இயற்கையில் நடப்பதுதான். அவை இல்லாவிட்டால் எருக்கில் ஓர் இலை மிஞ்சாது.

மாவட்டத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒன்று. சாலையோரம் சீமைக்கருவேலத்தை அகற்றும்போது எருக்கையும் ஆவாரையையும் விழுதியையும் சேர்த்து வழித்துவிடுகிறார்கள். இவை மூன்றும் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும் செடிகள். ஜே.சி.பி. ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி, அங்கங்கே சில புதர்களை விட்டுவைக்கலாம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிப்பவர்கள் கொப்பை முழுதாக ஒடிக்காமல் பூங்கொத்தை மட்டும் கிள்ளினால், அதிலிருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு: செயல்திட்ட நோட்டில் முட்டை பார்த்த தேதி, ஒவ்வொரு தோலுரிப்பு, தொங்கிய நேரம், கூடு கறுத்த நாள், வெளிவந்த நேரம் ஆகியவற்றைப் பிள்ளைகள் எழுதட்டும். நான்கு படமும் நான்கு அம்புக்குறியும் கடையில் விற்கும் சார்ட்டிலேயே இருக்கிறது. பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈ வந்தது என்று ஒரு பிள்ளை உள்ளபடி எழுதிவந்தால், அதற்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.